ஜீவனாம்சம் என்றால் என்ன?

நான் படிப்பது மெக்கானிக்கல் இன்ஜினியரிங், மூன்றாம் ஆண்டு. சட்டத்துக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. போன செமஸ்டர் லீவில் சின்னம்மா வீட்டு அலமாரிக் கதவைச் சரிசெய்யப் போனேன். அங்கேதான் இந்தப் பாடம் ஆரம்பமானது.

மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின். உள்ளே பிறப்புப் பத்திரங்கள், பழைய பேங்க் புக், நான்காக மடித்த நீதிமன்ற உத்தரவு. மணவிலக்குக்குப் பிறகு சித்தப்பா மாதம் 400 ரிங்கிட் சின்னம்மாவுக்கு ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. பேங்க் புக்கைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன். பணம் நின்று 61 மாதம்.

"ஏன் சின்னம்மா நீங்க கேக்கல?"

"அவரு காசு எனக்கு எதுக்கு ஐயா? கையேந்துற மாதிரி இருக்கும்."

காலையில் பள்ளி கேண்டீன், சாயங்காலம் தையல் என்று இரண்டு வேலை பார்ப்பவர் சொன்ன பதில் இது. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "பேரு மட்டும் போடாதே" என்றார்.

முதலில் அடிப்படை. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம், மணவிலக்கு இரண்டுக்கும் 1976-ஆம் ஆண்டு இயற்றிய சட்டம் 164-தான் பொருந்தும். அது நடப்புக்கு வந்தது 1982 மார்ச் 1. அதற்கு முன் வழக்கப்படி நடந்த கல்யாணங்கள் தொடர்ந்து இருந்தால், பதிவானதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் நம் பாட்டி, தாத்தாவுக்குப் பிரச்சினை இல்லை. நமக்கு அப்படி இல்லை. "கோயில்ல தாலி கட்டியாச்சு, ரெஜிஸ்டர் அப்புறம் பாத்துக்கலாம்" என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். பிறகு தகராறு வந்தால், கணவன் மனைவியா என்ற கேள்வியிலேயே வழக்கு மாட்டிக்கொள்ளும். தயவுசெய்து ஜேபிஎன் போய்ப் பதிந்துவிடுங்கள்.

மணவிலக்குக்குப் பொதுவாக இரண்டு வழி. இருவரும் சம்மதித்து ஒரே மனுவாகப் போடலாம். அல்லது திருமணம் சரிப்படுத்த முடியாத அளவுக்கு முறிந்துவிட்டது என்று ஒருவர் மட்டும் போடலாம். பிறர் தொடர்பு, சேர்ந்து வாழவே முடியாத நடத்தை, 2 ஆண்டு கைவிட்டுப் போனது, 2 ஆண்டு பிரிந்திருந்தது ஆகியவற்றை நீதிமன்றம் பார்க்கும். தனியாகப் போடுபவர் பொதுவாக முதலில் திருமண சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். நம் பெரியவர்கள் பேசும் பஞ்சாயத்து மாதிரிதான், ஆனால் இதற்கு 6 மாதக் கெடு உண்டு. எந்த வழியானாலும் கல்யாணமாகி 2 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். தனி மனுவில் மட்டும், கடுமையான துன்பம் இருந்தால் நீதிமன்றம் முன்னதாகவே அனுமதிக்கலாம். தீர்ப்பு வந்த அன்றே எல்லாம் முடிந்துவிடாது. முதல் ஆணை இறுதியாக 3 மாதம் ஆகும்.

இப்போது ஜீவனாம்சம். வழக்கு நடக்கும்போதும், மணவிலக்கு கொடுக்கும்போதும், அதற்குப் பிறகும், மனைவிக்கோ முன்னாள் மனைவிக்கோ பணம் கொடுக்கும்படி கணவனுக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம். "சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு" என்று நம் மாமாக்கள் சொல்லும் கணக்கு சட்டத்தில் கிடையாது. இருவரின் வசதியையும் தேவையையும் பார்த்துத்தான் தொகை வரும். திருமணம் உடைந்ததில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்பதையும் நீதிபதி கவனிப்பார். ஆணும் கேட்கலாம். ஆனால் காயத்தாலோ நோயாலோ சம்பாதிக்க முடியாமல் போனவருக்கு மட்டும்தான். வாங்குபவர் மறுமணம் செய்துகொண்டால் உரிமை முடிந்துவிடும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஜீவனாம்சம் கேட்க மணவிலக்கு தேவையில்லை. 1950-ஆம் ஆண்டு சட்டம் 263 ஒன்று இருக்கிறது. கணவன் செலவுக்குக் கொடுக்காமல் அலட்சியம் செய்தால், மனைவி உயர் நீதிமன்றம் வரை போகாமல் கீழ் நீதிமன்றத்திலேயே மாதத் தொகை கேட்கலாம். தக்க காரணம் இல்லாமல் கணவனோடு வாழ மறுப்பவருக்கு அது கிடைக்காது. "டைவர்ஸ் பண்ணாத்தான் காசு" என்று நினைத்து ஊமையாக இருக்கும் அக்காமார்களை எனக்கே தெரியும். சப்தபதியில் முதல் அடியே உணவுக்காக என்று சமய வகுப்பில் படித்திருக்கிறோம். சோறு போடுவது தர்மம் அல்ல, கடமை என்று சட்டமும் அதையேதான் சொல்கிறது.

சரி, சின்னம்மா கதைக்கு வருவோம். அவரை ஸ்கூட்டரில் உட்கார வைத்து அரசாங்கச் சட்ட உதவித் துறைக்கு, அதாவது ஜபத்தான் பந்துவான் குவாமானுக்கு, அழைத்துப் போனேன். வருமானம் குறைந்தவர்களின் குடும்ப வழக்குகளை அவர்கள் எடுப்பார்கள். அங்கிருந்த அதிகாரி உத்தரவைப் படித்தார், பேங்க் புக்கைப் பார்த்தார், பிறகு கேட்டார்: "இவ்வளவு நாள் ஏன் வரலம்மா?"

நிலுவை ஜீவனாம்சம் என்பது கடன். வழக்குப் போட்டு வாங்கலாம். ஆனால் வழக்குப் போடும் நாளுக்கு 3 ஆண்டுக்கு முந்தைய பாக்கியைக் கேட்க முடியாது. 61 மாதத்தில் 36 மாதம் மட்டும் மிஞ்சியது, 14,400 ரிங்கிட். மீதி 25 மாதம், 10,000 ரிங்கிட், போனது போனதுதான். வீட்டுக்கு வரும் வழியில் சின்னம்மா ஒன்றும் பேசவில்லை. நான் தெர்மோடைனமிக்ஸ் பேப்பரில்கூட இவ்வளவு வலிக்கிற கணக்குப் போட்டதில்லை.

சித்தப்பாவிடம் போனில் பேசினேன். கோபத்தோடுதான் ஆரம்பித்தேன், மறைக்கவில்லை. "வேலை போச்சுடா, அப்புறம் சம்பளம் பாதியாச்சு. எங்கேந்து கொடுக்கிறது?" என்றார். பொய்யாக இருக்காது. நிலைமை மாறினால் தொகையைக் குறைக்கும்படி நீதிமன்றத்தில் கேட்கும் உரிமை அவருக்கும் இருந்தது. அவர் கேட்கவில்லை, தானாக நிறுத்திவிட்டார். உத்தரவு இருக்கும்வரை மாதாமாதம் கடன் ஏறிக்கொண்டேதான் இருக்கும். படிக்கும் ஆண்பிள்ளைகள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

வேலையில் இருப்பவரின் சம்பளத்திலிருந்தே முதலாளி பிடித்து அனுப்பும்படி உத்தரவு வாங்க 1968-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதையும் கேட்கலாமா என்று அதிகாரி யோசித்துக்கொண்டிருக்கிறார்.

மனு போட்டாயிற்று. அடுத்த தேதி என் பரீட்சை வாரத்தில் விழுகிறது. "நீ படி, நானே பஸ்ஸுல போயிக்குவேன்" என்கிறார் சின்னம்மா. பிஸ்கட் டின்னிலிருந்த தாள்கள் இப்போது என் பழைய லேப் ஃபைலில், தேதிவாரியாக அடுக்கியிருக்கின்றன.