சுரங்கத்தின் மேலுள்ள வயல்கள் அமிழ்தலும் அவற்றைச் செப்பனிடும் முறையும்

தாமோதர் நதிப் பிரதேசத்தில், மேற்கு வங்காளத்து ராணிகஞ்ச் வட்டாரத்திலும் ஜார்க்கண்டைச் சேர்ந்த ஜாரியா வட்டாரத்திலும், குடியானவர்களின் நிலத்திற்கு அடியில் நிலக்கரி வெட்டப்பட்டு வருகிறது. ராணிகஞ்சில் இத்தொழில் 1774-ம் வருஷத்தில் ஆரம்பமாயிற்று. பழைய வெட்டுகள் பலவற்றிற்குச் சரியான வரைபடம் கிடையாது. ஆகையால் மேலே உழுகிறவர், அடியில் நடப்பதைத் தம் நிலத்தின் குறிகளைக் கொண்டே அறியவேண்டியவராயிருக்கிறார்.

காரணம்

கரி வெட்டும்போது கூரையைத் தாங்கக் கரித்தூண்கள் விடப்படுகின்றன. பின்னர் அவற்றையும் எடுத்துவிட்டாலும், அவை நாளடைவில் நொறுங்கினாலும், மேற்பாறை இறங்குகிறது. வெட்டு ஆழமாயிருப்பின் நிலம் தாம்பாளம்போல் அகலமாய்த் தாழும்; ஆழங்குறைந்த பழைய வெட்டாயின் திடீரென்று குழி விழும். வெற்றிடத்தில் ஆற்று மணலை நீருடன் செலுத்தி நிரப்பினால் தாழ்வு பெரிதும் குறையும்.

பயிருக்கு நஷ்டம் உண்டாவது தாழ்வினால் மட்டுமன்று. மட்டம் கெடுவதாலேயே பெரும்பாலும் உண்டாகிறது. நடுவில் நீர் தேங்கி வேர் அழுகும். விளிம்பில் வெடிப்பு வழியே நீர் இறங்கிப் பயிர் வாடும்.

அளவெடுத்தல்

1. அசையாத நிலத்தில் ஒரு நிலைக்குறி அமைத்து, அங்கிருந்து வயலின் குறுக்கே நேர்வரிசையாய், 30 அடிக்கு ஒன்றாக, கலப்பை படாத ஆழத்தில் முளைகள் பதிக்கவேண்டும்.

2. அடியில் வேலை நடக்கும் காலத்தில் வாரந்தோறும், பின்னர் மாதந்தோறும், மட்டக்கருவியால் அளந்து தேதியுடன் எழுதவேண்டும்.

3. வெடிப்பின் இருபுறமும் முளையடித்து இடைவெளியை அளக்கவேண்டும். கிணற்றின் நீர்மட்டத்தையும் குறிக்கவேண்டும்.

செப்பனிடுதல்

வெடிப்பை உடனே அடைத்தல் அவசியம். அதன் வழியாய்க் காற்று புகுந்தால் அடியிலுள்ள கரி தானே தீப்பற்றக்கூடும். ஜாரியாவில் 1916-ம் வருஷத்திலேயே இத்தகைய நெருப்புக் காணப்பட்டது. மேல்மண்ணை ஒதுக்கி, வெடிப்பை அகலப்படுத்தி, ஈரக் களிமண்ணை அடுக்கடுக்காய் இட்டுத் திமிசுபோட்டு, மேல்மண்ணைப் பரப்பவேண்டும்.

வயலை மட்டப்படுத்தும் வேலையை மட்டும், தொடர்ந்து பல அளவுகளில் மாறுதல் இல்லையென்று கண்ட பின்னரே தொடங்கலாம். அவசரப்பட்டுச் செய்த வேலை மறுபடியும் தாழ்ந்து வீணாகும். முதலில் மேல்மண்ணை வழித்துக் குவித்து, அடிமண்ணைச் சமப்படுத்தி, மேல்மண்ணைத் திரும்பப் பரப்புக. ஈரத்தில் கனமான யந்திரங்களை ஓட்டினால் மண் இறுகும். வடிகால் வெட்டி, வரப்புகளைப் புதிதாய்க் கட்டி, முதற்போகத்தில் சணப்பு அல்லது தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது நலம். நீர் வடிய வழியற்ற பள்ளத்தைக் குளமாக்கிக் கொள்வதே லாபம்.

எச்சரிக்கை

குழி விழுந்தாலும், வெடிப்பிலிருந்து புகை அல்லது ஆவி எழுந்தாலும், யாரும் அருகில் செல்லலாகாது. 2017-ம் வருஷம் மே மாதம் ஜாரியாவில் தந்தையும் மகனும் இத்தகைய குழியில் விழுந்து மாண்டனர். கிராம உத்தியோகஸ்தர் தூரத்தில் வேலியிட்டு, சுரங்க நிர்வாகிக்கும் ஜில்லா அதிகாரிக்கும் உடனே எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டும். சுரங்கப் பிரதேசத்துக் கிணறுகளில் விஷவாயு இருக்கக்கூடுமாதலால் பரிசோதிக்காமல் இறங்கலாகாது.

நஷ்டஈடு கேட்கும்போது, நிலம் முன்பு எந்த மட்டத்தில் இருந்ததென்று காட்டவேண்டி வரும். அதற்கு அளவுப் புத்தகமே தக்க சாட்சி. ஆதலால் அடியில் வேலை தொடங்குமுன்னரே முதல் முளையைப் பதித்து, முதல் அளவை எழுதி, கிராம உத்தியோகஸ்தரின் கையொப்பமும் பெற்று வைத்துக்கொள்வாராக.