பௌதிகவியல் உயர்கல்விக்கு விண்ணப்பித்தல்

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், கேம்பிரிட்ஜ் அறிஞர் ஃபௌலரின் ஆய்வைப் படித்தபின், தாம் எழுதிய கட்டுரையை அவருக்கே அனுப்பினார். 1929இல் அது இலண்டன் றோயல் சொசைட்டி இதழில் வெளிவந்தது. 1930இல் இந்திய அரசின் புலமைப்பரிசில் பெற்று, அதே ஃபௌலரிடம் ஆய்வு மாணவரானார். 1983இல் நோபல் பரிசு பெற்றார்.

ஹவுகெட்டோவில் வளரும் உங்களுக்கோ ஒஸ்லோப் பல்கலைக்கழகம் சொந்த நகரிலேயே உள்ளது. இங்கே கலாநிதிப் பட்ட ஆய்வு பெரும்பாலும் ஊதியமுள்ள பணியாகும்: பொதுவாக 3 ஆண்டுகள், கற்பித்தற் கடமை சேரின் 4. ஆதலால் பெற்றோர் கடன்பட வேண்டியதில்லை. முதுமாணிப் பட்டம், நற்புள்ளிகள், விண்ணப்பக் கடிதம், உங்களை அறிந்த ஆசிரியரின் பரிந்துரை ஆகியன வேண்டும்.

போட்டியோ உலகளாவியது. எவரிடம் ஆய்வு செய்ய விழைகின்றீர்களோ, அவர்தம் ஆய்வை முதலிற் கற்றறியுங்கள்; கற்றதை உங்கள் கடிதம் காட்டட்டும்.