மீன் எண்ணெய்க்குப் பதில் நுண்பாசி: மீன் வளர்ப்போருக்கு முழுமையான வழிகாட்டி

மீன் வளர்க்க மீனையே பிடிக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தொழிலின் பழைய நெருடல் இது. 100 கிலோ சிறுமீனை ஆலையில் வேகவைத்துப் பிழிந்தால் சராசரியாக 5 கிலோ எண்ணெய்தான் தேறும். உலகில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் மீன் எண்ணெய் உற்பத்தியாகிறது. அதில் பெரும்பகுதி வளர்ப்பு மீன்களின் தீவனத்துக்கே போகிறது. இதற்குப் பெரிய ஆதாரம் பெரு நாட்டுக் கடலில் பிடிபடும் நெத்திலி வகை. 2023-இல் எல் நினோவால் அந்தக் கடல் சூடேறியது. குஞ்சு மீன்களே மிகுதியாக இருந்ததால் பெரு அரசு அந்த ஆண்டின் முதல் மீன்பிடிப் பருவத்தையே ரத்து செய்தது. எண்ணெய் விலை அதுவரை காணாத உயரத்தைத் தொட்டது. நம் மேற்குக் கடற்கரையிலும் மத்தி மீனில் ஒரு பங்கு ஆலைகளுக்கு ஏறிப் போகிறது. ஏழை வீட்டுக் குழம்பில் கொதிக்க வேண்டிய மீன் அது. மாற்று இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளலாம், மாற்று இருக்கிறது.

எண்ணெயில் நமக்கு வேண்டியது எது?

மீன் எண்ணெயில் இரண்டு ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களுக்காகத்தான் இத்தனை பாடும்: இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. மீனின் கண், மூளை, நரம்பு வளர்ச்சிக்கும், நோயைத் தாங்கும் வலுவுக்கும் இவை வேண்டும். கடலில் இவற்றை முதலில் உண்டாக்குவது நுண்பாசி. பாசியை மிதவை உயிரிகள் தின்கின்றன, அவற்றை நெத்திலி தின்கிறது, நெத்திலியின் உடம்பில் அது சேர்கிறது. நடுவிலுள்ள மீனை விட்டுவிட்டு நேராகப் பாசியிடமே வாங்கிக்கொள்வதுதான் இந்த முறை.

நார்வேயின் சால்மன் வளர்ப்பு இதற்கு நல்ல பாடம். 1990-இல் அங்கே தீவனத்தில் சுமார் 90 சதவீதம் கடலிலிருந்து வந்த பொருள்கள். 2020-இல் அது 22 சதவீதமாக இறங்கிவிட்டது. எண்ணெயின் இடத்தைக் கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீட் எண்ணெய் பிடித்தது. மீன் வளர்ந்தது, ஆனால் தாவர எண்ணெயில் இ.பி.ஏ.யும் இல்லை, டி.ஹெச்.ஏ.யும் இல்லை. இதே வழியில் போன ஸ்காட்லாந்தின் வளர்ப்பு சால்மனை ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தபோது, 2006-க்கும் 2015-க்கும் இடையில் சதையிலுள்ள இவ்விரண்டின் அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. ஒமேகா-3 வேண்டித்தான் மக்கள் சால்மன் வாங்குகிறார்கள்! இந்தக் குறையை நிரப்பத்தான் பாசி எண்ணெய் வந்தது. டி.எஸ்.எம்., எவோனிக் நிறுவனங்களின் கூட்டு முயற்சியான வெராமாரிஸ் 2019-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துப் பிளேர் நகரில் ஆலை திறந்தது. கார்பியன் நிறுவனம் பிரேசிலில் கரும்புச் சர்க்கரையை ஊட்டிப் பாசியை வளர்க்கிறது.

படி 1: உங்கள் மீனுக்கு இது தேவையா?

கட்லா, ரோகு, மிர்கால் வளர்ப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். நன்னீர்க் கெண்டைகள் தாவர எண்ணெயில் உள்ள, சங்கிலி சற்றுக் குட்டையான ஒமேகா-3 கொழுப்பிலிருந்து தமக்கு வேண்டியதை ஓரளவு தாமே ஆக்கிக்கொள்ளும். விலையுயர்ந்த பாசி எண்ணெய் அவற்றுக்கு வீண் செலவு.

கொடுவா, கடல் விரால், களவா போன்ற கடல் மீன்களின் நிலை வேறு. அந்த மாற்று வேலை அவற்றின் உடம்பில் போதுமான அளவு நடப்பதில்லை, இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. இரண்டும் இரையிலேயே வர வேண்டும். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் (சிபா) 1997-இல் கொடுவாவையும், மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2010-இல் கடல் விராலையும் குஞ்சு பொரிக்கச் செய்த பிறகு இவற்றின் வளர்ப்புக்கு நம் கரையில் வழி திறந்தது. இந்த வழிகாட்டி முதன்மையாக இத்தகைய கடல் மீன்களை வளர்ப்போருக்கானது.

படி 2: சரியான பாசியைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். பாசி என்றதும் நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் சுருள்பாசி, அதாவது ஸ்பைருலினா, நினைவுக்கு வருகிறது. அது நல்ல புரதம், மீனுக்கு நிறமும் தரும். ஆனால் அதில் டி.ஹெச்.ஏ.யோ இ.பி.ஏ.யோ பொருட்படுத்தும் அளவில் இல்லை. நன்னீர்க் குளோரெல்லாவும் அப்படியே. மீன் எண்ணெயை எடுத்துவிட்டுச் சுருள்பாசியைப் போட்டால் கடல் மீன் நலிந்துபோகும்.

டி.ஹெச்.ஏ.வுக்கு ஷைசோகைட்ரியம். இது வெயிலை நம்பி வளர்வதில்லை. மூடிய கலனில், இருட்டில், சர்க்கரையைத் தின்று பெருகும். உலர் எடையில் பாதியளவுக்கு எண்ணெய் சேர்க்கும். இ.பி.ஏ.வுக்கு நானோகுளோராப்சிஸ். இது வெயிலில் வளரும் பாசி. குஞ்சு பொரிப்பகங்களில் ரோட்டிஃபர் என்ற மிதவை உயிரிக்குத் தீனியாகக் கொடுப்பது இதைத்தான். இதன் செல் சுவர் தடிப்பு என்பதால் அரைக்காமல் கொடுத்தால் எல்லா மீனுக்கும் செரிக்காது.

பொரிப்பகத் தொட்டியில் பாசி வளர்க்கிறோமே, அதையே தீவனத்துக்கும் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. குஞ்சுகளுக்குச் சரி, வளர்ந்த மீனுக்குக் கட்டுப்படியாகாது. திறந்த தொட்டியில் லிட்டருக்கு அரை கிராம் உலர் பாசி என்று வைத்தால், ஒரு கிலோ தூளுக்கு 2,000 லிட்டர் தண்ணீரை வடிகட்ட வேண்டும். ஷைசோகைட்ரியம் கலனில் லிட்டருக்கு 100 கிராமைத் தாண்டும். வாங்குவதே நல்லது.

படி 3: தூளா, எண்ணெயா?

உலர்ந்த முழுப் பாசித் தூள் கையாள எளிது, மாவோடு கலந்துவிடலாம். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட சோதனையில், திலேப்பியாத் தீவனத்தில் மீன் எண்ணெய் முழுவதையும் எடுத்துவிட்டு ஷைசோகைட்ரியம் தூளைச் சேர்த்தார்கள். மீன் எண்ணெய் தின்றவற்றைவிட அந்த மீன்கள் கூடுதல் எடை போட்டன, தீவன மாற்று விகிதமும் மேம்பட்டது. பிழிந்த எண்ணெய் செறிவானது, ஆனால் தீவனக் குருணை மீது பூசும் இயந்திர வசதி வேண்டும். சொந்தமாகத் தீவனம் அரைக்கும் சிறு பண்ணைக்குத் தூளே ஏற்றது என்பது என் முடிவு.

படி 4: கணக்குப் போடுங்கள்

லிட்டருக்கு லிட்டர் மாற்றக் கூடாது. இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. கிராமைக் கிராமால் மாற்ற வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 100 கிலோ தீவனத்தில் இவ்விரண்டும் சேர்ந்து 1.5 கிலோ இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 கிலோ மீன் தூள் இருக்கிறது. மீன் தூளிலேயே 10 சதவீதம் எண்ணெய் ஒட்டியிருக்கும். அது 2 கிலோ. அதில் கால் பங்கு இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. என்றால் அரை கிலோ ஏற்கெனவே வந்துவிட்டது. மீதி 1 கிலோவுக்கு, 25 சதவீதம் செறிவுள்ள மீன் எண்ணெய் 4 கிலோ வேண்டும். 50 சதவீதம் செறிவுள்ள பாசி எண்ணெய் 2 கிலோ போதும். குறைந்த 2 கிலோ கொழுப்பைத் தாவர எண்ணெயால் ஈடுகட்டுங்கள். அது வெறும் எரிசக்திக்கு. உங்கள் மூட்டையின் பரிசோதனைச் சான்றைப் பார்த்து இந்த எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். இ.பி.ஏ. எவ்வளவு, டி.ஹெச்.ஏ. எவ்வளவு என்று தனித்தனியாகப் பாருங்கள். சாதாரண ஷைசோகைட்ரியத்தில் இ.பி.ஏ. குறைவு.

படி 5: கலப்பதும் காப்பதும்

இந்தக் கொழுப்புகள் காற்றும் வெப்பமும் பட்டால் சீக்கிரம் காறிப்போகும். எண்ணெயைக் குருணை பிழியும் எக்ஸ்ட்ரூடர் இயந்திரத்தில் ஊற்றாமல், குருணை வெளிவந்து ஆறிய பிறகு பூசுங்கள். மூட்டையைத் தகரக் கொட்டகையில் வெயில் காய வைக்காதீர்கள். காறல் வாடை வந்த தீவனம் மீனின் ஈரலைக் கெடுக்கும், தயங்காமல் ஒதுக்குங்கள்.

படி 6: சிறிதாகச் சோதியுங்கள்

ஒரே எடைக் குஞ்சுகளைப் பிரித்து, சில கூண்டுகளுக்குப் பழைய தீவனம், சிலவற்றுக்குப் பாதி மாற்றியது, சிலவற்றுக்கு முழுதும் மாற்றியது எனக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கூண்டாவது இருந்தால்தான் வித்தியாசத்தை நம்பலாம். 10 முதல் 12 வாரம் நடத்தி, எடை, பிழைப்பு, தீவன மாற்று விகிதம் மூன்றையும் எழுதி வையுங்கள். முடிவில் சதையின் கொழுப்பு அமிலங்களை ஆய்வகத்தில் பார்த்துவிடுங்கள்.

செலவைக் குறைக்க ஒரு வழி

கிலோ விலையில் பாசி எண்ணெய் மீன் எண்ணெயைவிட அதிகம்தான். ஒரு கிராம் ஒமேகா-3க்கு என்ன விலை என்று பார்த்தால் இடைவெளி சுருங்கும். மீன் என்ன கொழுப்பைத் தின்கிறதோ அதுவே சதையில் படியும் என்பதும் நமக்குச் சாதகம். நடு வளர்ச்சிக் காலத்தில் மீனின் அடிப்படைத் தேவைக்கு மட்டும் பாசி சேர்த்து, அறுவடைக்கு முந்தைய மாதங்களில் அளவைக் கூட்டினால், குறைந்த செலவில் சதையில் ஒமேகா-3 ஏறும்.

பாசி ஆலைக்கும் கரும்பும் சோளமும் மின்சாரமும் வேண்டும். அதற்கும் நிலமும் நீரும் செலவாகின்றன. இருந்தாலும் கரும்பை அடுத்த ஆண்டு மறுபடி நடலாம், தேவைக்கேற்பக் கூட்டலாம். கடலின் சிறுமீனை அப்படிக் கூட்ட முடியாது.

அடுத்த முறை தீவனம் வாங்கும்போது விற்பனையாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதில் இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. எத்தனை சதவீதம்? அது எந்த மூலத்திலிருந்து வந்தது? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.