குழாய்த் துண்டில் கத்தி உறை

கரும்பும் மாவும் மல்பெரியும் பயிரிடும் நம் தர்மபுரி ஜில்லா அங்கத்தினர்களுக்குக் கத்தியைக் கையில் எடுக்காத நாள் இல்லை. வெட்டும்போது கருத்து முழுவதும் கத்தியின்மேல் இருக்கும். வேலை முடிந்த பிறகுதான் அசட்டை. சாக்கில் சுற்றி மொபெட்டில் தொங்கவிடுகிறோம். வீட்டில் எரவாணத்தில் செருகுகிறோம். அங்கே எட்டுவது குழந்தையின் கை. மண்ணும் சாணமும் பட்ட கத்தி ஆழமாகக் குத்தினால் தனுர்வாயு கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். தடுப்பூசி அவசியமே, உறை அதற்கும் முந்திய காப்பாகும்.

பனையேறிகள் இதை என்றோ உணர்ந்தவர்கள். அரிவாளை வெறுமனே இடுப்பில் செருகாமல் அரிவாள் பெட்டியில் இட்டுக் கட்டினர். தோலுறை நல்லதுதான், ஆனால் ஈரம் குடித்துக் கத்தியைத் துருவேற்றும். நம் கிணற்றடியிலும் சொட்டுநீர்ப் பாத்திகளிலும் மிஞ்சிக் கிடக்கும் பி.வி.சி. குழாய்த் துண்டு இதற்கு ஏற்றது. அண்டையிலுள்ள மேட்டூரில் 1960களிலிருந்து உற்பத்தியாகும் பொருள் இது. சூட்டில் இளகும், ஆறினால் அந்த உருவிலேயே இறுகும். அயல்நாட்டில் கத்தி உறைக்குப் பெயர்பெற்ற கைடெக்ஸ் தகடும் இதனோடு அக்ரிலிக் கலந்த பொருளே.

முதலில் அளவு. வட்டக் குழாயைத் தட்டையாக்கினால் அகலம் விட்டத்தைப்போல் சுமார் ஒன்றரை மடங்காகும். 5 சென்டிமீட்டர் அகலமுள்ள நேர்க்கத்திக்கு 40 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள, கனம் குறைந்த குழாய் போதும். அலகின் நீளத்தைவிட நான்கு சென்டிமீட்டர் கூடுதலாக அறுத்துக்கொள்க.

புதியவர் கத்தியையே அச்சாக வைத்து அழுத்த முற்படுவார். இது கூடாது. இளகிய குழாயைக் கூர்முனை கீறிவிடும், கையையும் விடாது. அலகைப் பலகையில் வைத்துக் கோடிட்டு, அதே வடிவில் ஒரு மரத்துண்டைச் செதுக்குக. கனம் கத்தியைவிட ஒரு நூல் கூடுதலாக இருக்கட்டும். சோப்பு தடவினால் எளிதில் உருவ வரும்.

அடுத்தது சூடு, இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். அடுப்புத் தீயில் குழாயைக் காட்டவே கூடாது. கருகும் பி.வி.சி. கண்ணையும் நெஞ்சையும் அரிக்கும் அமிலப் புகையைக் கக்கும். இப்பொருள் சுமார் 80 டிகிரி சென்டிகிரேடில் இளகத் தொடங்கும். ஆதலால் கொதிநீர் போதும். நீரில் எத்தனை நேரம் கிடந்தாலும் குழாய் கருகாது. குழாய் முழுவதும் மூழ்கும் பழைய பாத்திரத்தில் ஐந்து நிமிஷம் வைத்து, இடுக்கியால் எடுத்து, மர அச்சை நுழைத்து, இரு பலகைகளுக்கிடையே வைத்து மேலே கனமான கல்லை ஏற்றுக. கையில் உலர்ந்த கெட்டித் துணி இருக்கட்டும். தாமதித்தால் இறுகிவிடும், மீண்டும் முக்கலாம். கோணலானால் வருந்த வேண்டாம். கொதிநீரில் இட்டால் குழாய் தன் பழைய வட்டத்தை நாடி விரியும், திரும்பத் தொடங்கலாம். பழைய குழாய்களில் ஈயச் சேர்க்கை இருக்கக்கூடுமாதலால் அப்பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

ஆறியபின் அச்சை உருவி, அடிமுனையை மட்டும் மறுபடி இளக்கித் தட்டையாக நசுக்கி, ஓர் அலுமினிய ஆணி அடித்து முடுக்குக. ஓரத்தில் நீர் வடிய சிறு துவாரம் விடுக. வாய்ப்பக்கம் நான்கு விரற்கடையை வெந்நீரில் காட்டி, கூர்முனைக்குக் காகித மடிப்பு இட்ட கத்தியை நுழைத்து மெல்ல அழுத்தினால் பிடிப்பு உண்டாகும். கவிழ்த்து மெதுவாக அசைத்தால் கத்தி நழுவலாகாது. விளிம்புகளை அரம் கொண்டு மழுக்குக. தூசியை முகராமல், பின்னர் கை கழுவுக. இடுப்பு வாருக்கு இரண்டு துளைகள் போதும்.

வளைந்த கொடுவாளுக்கு இம்முறை செல்லாது. குழாயை நீளவாக்கில் அறுத்து, வெந்நீரில் இளக்கித் தகடாக விரித்து, அச்சின்மேல் புத்தக அட்டைபோல் மடித்துத் திறந்த ஓரத்தில் ஆணிகள் அடிக்க வேண்டும். பற்களுள்ள கதிர் அரிவாளுக்கு இத்தனை பாடும் வேண்டாம்; பழைய ரப்பர்க் குழாயைக் கீறி வாயில் மாட்டிக் கயிற்றால் கட்டினால் போதும். தறிக்கூடத்தில் நூல் அறுக்கும் சிறு கத்திக்கு மெல்லிய மின்கம்பிக் குழாய் பொருந்தும்.

லாரிப் பட்டையில் அடித்த கத்தி எளிதில் துருப்பிடிக்கும். துடைத்து, எண்ணெய் பூசிய பிறகே உறையில் இடுக. உறையை அடுப்பருகே வைத்தால் அது மீண்டும் வட்டமாக விரிந்து, கத்தி நழுவும். அறுத்து மிஞ்சிய துண்டுகளைக் குப்பையோடு கொளுத்தாமல் பழைய பிளாஸ்டிக் வாங்குவோரிடம் கொடுத்துவிடுக.