மரத்தின் ரேகையும் மாட்டுப் பலகையும்

குளிர்நாட்டு வீடுகளில் வாசலை ஒட்டிய சுவரில் முளைகள் பதித்த பலகை ஒன்று இருக்கும். வெளியிலிருந்து வருவோர் கனத்த மேலங்கியைக் கழற்றி அதில் மாட்டிவிட்டு உள்ளே செல்வர். அமெரிக்காவின் ஷேக்கர் சமயக் குழுவினர் 19-ஆம் நூற்றாண்டில் அறைச் சுவர்களைச் சுற்றிலும் இத்தகைய பலகையை ஓடவிட்டு, நாற்காலிகளைக்கூட அதில் தொங்கவிட்டனர். தரையைப் பெருக்குவதும் எளிதாயிற்று. நமக்கு மேலங்கி தேவையில்லை எனினும் குடை, மழைக்கோட்டு, புத்தகப்பை உண்டே! அவற்றுக்கான பலகையை அழகாகவும் உறுதியாகவும் செய்யும் முறையைக் காண்போம்.

வளைவான உருவங்களை அறுக்க அகன்ற ரம்பம் உதவாது. கையால் அறுக்கும் பிரெட் ரம்பத்திலும், மின்சாரத்தால் இயங்கும் ஸ்க்ரோல் ரம்பத்திலும் ஏறக்குறைய 13 செ.மீ. நீளமுள்ள மெல்லிய பிளேடு இருக்கும். தையல் இயந்திரத்தைப் போலக் காலால் மிதித்து இயக்கும் ரம்பங்களும் ஒரு காலத்தில் பரவலாக இருந்தன. இங்கிலாந்தில் 1895-இல் தொடங்கிய ‘ஹாபீஸ்’ என்னும் வார இதழ் இக்கலையை வீடுதோறும் பரப்பியது. பிளேடின் பற்கள் எப்போதும் கீழ்நோக்கி இருக்க வேண்டும். பலகையின் நடுவில் ஓர் உருவத்தை வெட்டி எடுக்க, முதலில் சிறு துளையிட்டு, ஊசியில் நூல் கோப்பதுபோல் பிளேடை அதனுள் கோத்து மாட்டிக்கொள்ள வேண்டும்.

இனி, பாடத்தின் உயிர்நாடிக்கு வருவோம். விறகு நீளவாக்கில் எளிதில் பிளக்கும். குறுக்கே வெட்டுவதோ கடினம். மரத்தின் நார்கள் ஒரே திசையில் ஓடுவதே காரணம். அந்த ஓட்டத்தையே ரேகை என்கிறோம். மெல்லிய பகுதி எதுவும் ரேகையோடு நீண்டிருந்தால் வலுவாயிருக்கும். ரேகைக்குக் குறுக்கே நீண்டிருந்தால் எளிதில் ஒடிந்துவிடும். கிடையாகப் பொருத்தும் பலகையில் ரேகையும் கிடையாகவே ஓடும். அதன் மேல் விளிம்பில் நிற்கும் மயிலை வெட்டினால் அதன் கழுத்து ரேகைக்குக் குறுக்கே அமைந்து, கைபட்டாலே முறியும். மானின் கால்களுக்கும் அதே கதிதான். நீந்தும் மீன், படரும் கொடி, சாய்ந்த இலை ஆகியவை நீளவாக்கில் அமைவதால் நிலைத்து நிற்கும். மயிலே வேண்டுமென்றால் ஒட்டுப்பலகையைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதன் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் எத்திசையிலும் ஓரளவு வலு உண்டு.

செய்முறை:

1. 60 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனமுள்ள பலகையை எடுத்துக்கொள்க. நாட்டுப்புறத் தோற்றத்திற்குப் பழைய மரம் ஏற்றது. ஆனால் ஆணிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லையேல் பிளேடு உடையும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடுமாதலால் பெயின்ட் பூசிய மரத்தைத் தவிர்க்கவும்.

2. ரேகையைப் பார்த்த பின்பே படத்தை வரைக. கோட்டிற்குச் சற்று வெளியே, மரத்தை அழுத்தித் தள்ளாமல், நிதானமாக அறுக்க வேண்டும்.

3. முளைகள் நான்கு. ஓரத்திலிருந்து 7.5 செ.மீ. விட்டு, 15 செ.மீ. இடைவெளியில் துளையிடுக. துளை உள்ளே செல்லச் செல்லச் சற்றுக் கீழே சாயட்டும். அப்போது முளையின் நுனி மேல்நோக்கி நிற்கும், பை வழுக்காது. முளையிலும் ரேகை அதன் நீளவாக்கில் ஓட வேண்டும். சுவரிலிருந்து 8 செ.மீ. தள்ளித் தொங்கும் பை, 4 செ.மீ. தள்ளித் தொங்கும் அதே பையைவிட முளையின் அடியை இருமடங்கு வளைக்க முயலும். ஆகவே முளையைத் தேவைக்கு மேல் நீட்ட வேண்டாம். மரப்பசையிட்டு இறுக்கி, ஒரு நாள் உலரவிடுக.

4. உப்புத்தாளால் ரேகையின் திசையிலேயே தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசுக. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். சுருண்ட துணி தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்துக.

5. இரு ஓரங்களிலிருந்தும் 15 செ.மீ. உள்ளே திருகாணிக்குத் துளையிட்டு, சுவரில் பிளக் வைத்து, ரசமட்டம் பார்த்து முடுக்குக.

அறுக்கும்போது கண்ணாடி அணிந்து, பின்னலை முடிந்து, தாவணி முனையைச் செருகிக்கொள்ளுங்கள். மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மறைப்பது கட்டாயம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது.

ரம்பம் பிடிப்பது ஆண்களின் வேலை என்று சொல்வோர் இன்னும் உண்டு. துணியின் நூலோட்டம் பார்த்துக் கத்தரிக்கக் கற்ற கைக்கு மரத்தின் ரேகை புதிதன்று. தோழியரே, பலகையைச் சுவரில் ஏற்றும் முன் ஒவ்வொரு முளையிலும் புத்தகம் நிறைந்த பையை மாட்டி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். அதைத் தாங்கினால்தான் பலகை முழுமை பெற்றதாகும். அழகு அதற்கு அடுத்ததே.