அம்மாவையும் ஏன் வரச் சொல்கிறார்கள்?

நம்பிக்கை: குடும்ப சிகிச்சையாளரிடம் போவது பஞ்சாயத்துக்குப் போவது மாதிரி, நியாயம் யார் பக்கம் என்று சொல்லிவிடுவார்.

உண்மை: சொல்லமாட்டார். ஒரு வீட்டில், 'ஏன் பேசவே மாட்டேங்கிறீங்க' என்று மனைவி கேட்கக் கேட்கக் கணவர் வாயை மூடிக்கொள்கிறார். அவர் மூட மூட இவர் குரல் உயர்கிறது. எது முதலில் என்று தேடினால் விடியாது. சிகிச்சையாளர் அந்தச் சுழலை இருவருக்கும் காட்டி, எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று பழக்குவார். 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த குடும்பநல நீதிமன்றங்களின் ஆலோசகர் வேலை வேறு; அது வழக்குக்குள் நடக்கும் சமரச முயற்சி.

நம்பிக்கை: குடும்பத்தை வரச் சொன்னால், மனநோய்க்குக் குடும்பம்தான் காரணம் என்று அர்த்தம்.

உண்மை: மகனோடு வந்து தலைகுனிந்து உட்காரும் தாய்மார்களை நினைத்தால் மனம் கனக்கிறது. இந்தப் பழிக்கு மருத்துவ உலகமும் பொறுப்பு. தாயின் இயல்பே மனச்சிதைவைக் கொண்டுவரும் என்ற கருத்து, 1948-இல் மனநல மருத்துவர் ஃப்ரீடா ஃப்ரம்-ரைக்மன் எழுதிய கட்டுரைக்குப் பின் வெகுவாகப் பரவியது. சான்று கிடைக்காமல் பின்னர் கைவிடப்பட்டது. லண்டனில் ஆய்வாளர் ஜார்ஜ் பிரவுனும் சகாக்களும் கண்டது வேறு: ஓயாமல் குறைசொல்லும் வீடுகளுக்கும், அளவுமீறிப் பொத்திப் பொத்திப் பார்க்கும் வீடுகளுக்கும் மருத்துவமனையிலிருந்து திரும்பியவர்களிடம் நோய் மறுபடி தலைதூக்குவது அதிகம். வீடு நோயை உண்டாக்கவில்லை. அதன் போக்கை மாற்றுகிறது. அப்படியென்றால் நல்லபடியாகவும் மாற்றலாம் அல்லவா? படுக்கையை விட்டு எழாத மகனைச் 'சோம்பேறி' என்று திட்டிய அப்பா, அது நோயின் அறிகுறி என்று புரிந்துகொண்டால் வீட்டின் காற்றே மாறும். மருந்தோடு குடும்பத்துக்கும் இப்படிப் பயிற்சி தந்தால் நோய் திரும்புவது குறைகிறது.

சிகிச்சையில் குடும்பத்தைச் சேர்ப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் உறவினரை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் பாகாயத்தில் 1957-இல் தொடங்கிய சி.எம்.சி. மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்குவது சிகிச்சையின் பகுதி.

நம்பிக்கை: எந்தப் பிரச்சினைக்கும் தம்பதி சேர்ந்தே போகவேண்டும்.

உண்மை: அடி உதை இருக்கும் வீட்டில் வேண்டாம். அங்கே மனைவி வாய்திறந்து சொன்னதற்கு இரவு வீட்டில் அடி விழலாம். நல்ல சிகிச்சையாளர் முதலில் தனித்தனியாகப் பேசுவார். ஆபத்து தெரிந்தால் சேர்த்து உட்காரவைக்க மாட்டார்.

யாரிடம் போனாலும் படிப்பையும் பயிற்சியையும் கேளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேட்கலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸை 14416-இல் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.