அகநச்சு ஆய்வும் அமானிதமும்

தோற்றுவாய்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்னும் தலைப்புடையது. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து என்னும் மூன்றும் எவர்க்கும் எளிதில் தோன்றுவன. நான்காவதாக அவர் வைப்பது ‘உழைச்செல்வான்’. மருந்தைப் பிழையின்றி இயற்றுபவன் என்று பரிமேலழகர் இச்சொல்லுக்குப் பொருள் காண்கிறார். நோயாளியின் அருகிருந்து பேணுபவன் எனக் கொள்வாரும் உளர். பரிமேலழகர் உரையை ஏற்றுக்கொண்டால், மருந்தாக்கக் கூடத்திலும் அதன் ஆய்வுக்கூடத்திலும் பணியாற்றும் ஒவ்வொருவரும் அந்நான்காம் உறுப்பினரே ஆவர்.

தமிழ்த்துறை மலரில் ஆய்வுக்கூடப் பயிற்சிக்கு என்ன இடம் எனச் சிலர் வினவக்கூடும். தமிழ்வழியில் பயின்ற நம் மாணவர் பலர் அறிவியல் பட்டம் பெற்று மருந்து நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்களை நாடிச் செல்கின்றனர். அங்கே அவர்கள் செய்முறையைக் கற்றுக்கொள்கின்றனர். அதன் காரணத்தைத் தாய்மொழியில் எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைவு. காரணம் அறியாத கை விரைவில் சோர்ந்துவிடும். ஆதலின், ஊசிமருந்துகளில் எண்டோடாக்சின் எனப்படும் அகநச்சைக் கண்டறியும் முறையை இங்கு எளிய தமிழில் விளக்க முற்படுகிறோம்.

அகநச்சின் இயல்பு

நுண்ணுயிர்களுள் ஒரு பெரும் பிரிவு கிராம் எதிர் பாக்டீரியா எனப்படும். இவற்றின் புறச்சுவரில் கொழுப்பும் சர்க்கரையும் பிணைந்த ஒரு பொருள் உண்டு. உயிர் உள்ளவரை அது பெரும்பாலும் சுவரோடு ஒட்டியே இருக்கும். பாக்டீரியா இறந்து சிதையும்போது மிகுதியாக வெளிப்படும். 1892ஆம் ஆண்டளவில் பெர்லினில் காலராக் கிருமியை ஆராய்ந்த ரிச்சர்டு பைஃபர், கிருமியின் உடலோடு பிணைந்த இந்நஞ்சை இனங்கண்டு எண்டோடாக்சின் என்று பெயரிட்டார்.

இங்கு மாணவர் கருத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 121 பாகை வெப்பத்தில் நீராவி அழுத்தக் கலத்தில் வைத்தால் கிருமிகள் மடியும், அகநச்சு அழியாது. கிருமிகளைத் தடுக்கும் நுண்வடிகட்டியையும் அது கடந்துவிடும். பாம்பு செத்தும் அதன் நஞ்சு சாகாததைப் போன்றது இது. கிருமி நீக்கப்பட்டது என்னும் சான்று, நஞ்சு நீங்கியது என்பதற்குச் சான்றாகாது.

நீரின் தூய்மையை அறிய நிறம், சுவை, மணம் என்னும் மூன்று அடையாளங்களை நம் பிக்ஹு நூல்கள் பேசுகின்றன. ஒளூச் செய்வதற்கும் குடிப்பதற்கும் நாம் அவற்றைக் கொண்டு தெளிகிறோம். அகநச்சு சிறிதளவு கலந்த நீரோ இம்மூன்றிலும் மாறுபடாது. அதனைப் பருகினாலும் குடல் அதனைத் தடுத்துவிடும். அதே நீர் ஊசி வழியே குருதியில் கலந்தால் குளிர்நடுக்கமும் காய்ச்சலும் தோன்றும். அளவு மிகுந்தால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஊறு நேரும். வெளுத்ததெல்லாம் பாலன்று என்னும் பழமொழி இங்கே உயிர்காக்கும் விதியாகிறது.

ஆய்வுமுறை வளர்ந்த வரலாறு

ஊசி போட்டபின் வரும் காய்ச்சலுக்குக் காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. 1923இல் அமெரிக்க அறிவியலறிஞர் ஃபுளோரன்ஸ் சைபர்ட் அம்மையார் அதனை விளக்கினார். காய்ச்சி வடித்த நீரில் தங்கிய பாக்டீரியாப் பொருள்களே காய்ச்சலை விளைக்கின்றன என்றும், கொதிகலத்திலிருந்து ஆவியோடு தெறித்துச் செல்லும் நுண்துளிகள் அவற்றைச் சுமந்து செல்கின்றன என்றும் அவர் காட்டினார். இதன்பின், மருந்தை முயலின் உடலில் செலுத்தி வெப்பநிலை உயர்வை அளக்கும் சோதனை வழக்கிற்கு வந்தது. 1942இல் அது அமெரிக்க மருந்து நூலில் இடம்பெற்றது.

அடுத்த திருப்பம் கடற்கரையில் நிகழ்ந்தது. அமெரிக்காவின் உட்ஸ்ஹோல் கடலாய்வு நிலையத்தில் பணியாற்றிய ஃபிரெடரிக் பேங், குதிரைலாட நண்டின் உடலில் கிராம் எதிர் பாக்டீரியா புகுந்தால் அதன் குருதி உறைவதை 1956இல் எழுதி வெளியிட்டார். செம்பு கலந்ததால் நீலநிறம் பெறும் குருதி அது. பின்னர் ஜாக் லெவின் அவரோடு இணைந்தார். உறையச் செய்வது அகநச்சே என்றும், அதற்கு வினைபுரியும் பொருள் குருதி அணுக்களுக்குள்ளே இருக்கிறது என்றும் இருவரும் நிறுவினர். அவ்வணுக்களை உடைத்து எடுத்த சாறே இன்று சுருக்கமாக எல்.ஏ.எல். எனப்படும் ஆய்வுப்பொருள். 1977இல் அமெரிக்க அரசு அதற்கு உரிமம் வழங்கியது. இந்திய மருந்து நூலும் பாக்டீரிய அகநச்சுச் சோதனையைத் தன் விதிகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது.

குதிரைலாட நண்டு நமக்கு அயலான உயிரன்று. ஒடிசாவின் பாலேசுவரம் மாவட்டத்துச் சண்டிப்பூர்க் கடற்கரையிலும் வங்கத்துச் சுந்தரவனத்திலும் அது வாழ்கிறது. நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் காக்கிறது. சுந்தரவனச் சேற்றில் வாழும் அதே சதுப்புநில இனத்தைச் சிங்கப்பூரில் ஆராய்ந்த டிங் ஜீக் லிங், ஹோ பாவ் ஆகிய இருவரும், உறைதலைத் தொடங்கி வைக்கும் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்து, நண்டின் குருதியின்றியே அப்புரதத்தை ஆக்கும் வழியை 1990களில் வகுத்தனர். 2021இல் ஐரோப்பிய மருந்து நூல் அம்முறைக்கு இடமளித்தது. குருதி எடுத்தபின் கடலில் விடப்படும் நண்டுகளுள் ஒரு பகுதி இறந்துபோகிறது. ஆதலின் இம்மாற்றம் வாயில்லா உயிர்க்குச் செய்யும் இரக்கமும் ஆகும்.

பயிற்சியின் படிநிலைகள்

முதற்படி கலங்களின் தூய்மை. சோதனைக் குழாய்களைக் கழுவினால் மட்டும் போதாது. 250 பாகை உலர்வெப்பத்தில் குறைந்தது 30 நிமிடம் வைத்தல் வேண்டும். அவ்வெப்பமே அகநச்சை அழிக்கும். அதன்பின் குழாயின் வாயை விரல் தீண்டலாகாது. பஞ்சும் காகித இழையும் தம்மிடமுள்ள வேறொரு சர்க்கரைப் பொருளால் பொய்யான உறைவைத் தோற்றுவிக்கக்கூடும். அவற்றையும் விலக்க வேண்டும்.

இரண்டாம் படி நீர்த்தல். அகநச்சு கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. செந்தரக் கரைசலை விதித்த நேரம் முழுதும் குலுக்கிக் கலக்காவிட்டால் அடுத்த குழாய்க்குச் செல்லும் அளவு பிழையாகும். பொறுமையற்றவர் இங்கேதான் தவறுகின்றனர்.

மூன்றாம் படி உறைவுச் சோதனை. மருந்துக் கரைசலில் 0.1 மில்லிலிட்டரும் ஆய்வுப்பொருளில் 0.1 மில்லிலிட்டரும் ஒரு குழாயில் கலக்கப்படும். 37 பாகை வெப்பத்தில் 60 நிமிடம் அசைவின்றி வைத்தபின், குழாய் ஒரேமுறை தலைகீழாகக் கவிழ்க்கப்படும். உறைவு நழுவாமல் நின்றால் அகநச்சு உண்டு; வழிந்தால் அவ்வளவில் இல்லை. இடையில் குழாயைத் தூக்கிப் பார்த்தால் மென்மையான உறைவு உடைந்து, உள்ளது இல்லாததாகத் தோன்றும்.

நான்காம் படி எதிர்ச்சான்றுகள். நஞ்சற்ற நீரைக் கொண்ட குழாய் உறையலாகாது. அறிந்த அளவு அகநச்சைக் கலந்த மருந்துக் குழாய் உறைந்தே ஆகவேண்டும். சில மருந்துகள் உறைதலைத் தாமே தடுக்கும் என்பதால் இரண்டாவது சான்று இன்றியமையாதது. அது உறையாதபோது, மருந்துக் குழாய் தெளிவாக இருப்பதைக் கண்டு மகிழ்வது பேதைமை. சாட்சி ஊமையாக இருந்தான் என்பதே அதன் பொருள்.

ஐந்தாம் படி கணக்கு. நரம்புவழி செலுத்தும் மருந்துக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவிற்கும் ஒரு மணி நேரத்திற்கு 5 அலகு என்பது எல்லை. 60 கிலோ எடையுள்ள ஒருவர்க்கு அது 300 அலகாகும். தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரில் செலுத்தும் மருந்துக்கோ கிலோவிற்கு 0.2 அலகே எல்லை. ஊசிமருந்துக்குரிய நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.25 அலகுக்கு மேல் இருத்தல் கூடாது. செலுத்தும் இடமும் பெறுபவரின் எடையும் எல்லையை வகுக்கின்றன என்பதை மாணவர் உணர்ந்தால் எண்களுக்குப் பின்னால் மனிதர் தெரிவர்.

பதிவேடும் அமானிதமும்

2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் ராஜஸ்தானத்து ஜோத்பூரில் மகப்பேற்றுக்கு வந்த தாய்மார் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 நவம்பரில் கர்நாடகத்துப் பல்லாரியில் அறுவைவழி மகப்பேறு பெற்ற தாய்மார் அடுத்தடுத்து இறந்தனர். இரு நிகழ்ச்சிகளிலும் நரம்புவழி ஏற்றப்பட்ட திரவத்தின் மீது ஐயம் எழுந்தது. பிள்ளையைப் பெற்றுவிட்டுக் கண்மூடிய அத்தாய்மார் தமக்கு ஏற்றப்பட்ட குப்பியைச் சோதித்துப் பார்த்தவர் அல்லர். வேறு எவரோ சோதித்திருப்பார் என்ற நம்பிக்கையில் கையை நீட்டியவர்கள்.

அந்நம்பிக்கையையே நாம் அமானிதம் என்கிறோம். திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவில் மோசடி செய்வோரைக் கடிந்து தொடங்குகிறது. கடைத்தராசுக்கு மட்டும் உரிய கண்டனம் அன்று அது. விரும்பிய விடை வரும்வரை சோதனையைத் திரும்பச் செய்து இறுதி விடையை மட்டும் எழுதுபவர், 60 நிமிடத்தை 40 ஆக்கிவிட்டு 60 என்று பதிபவர், செய்யாத எதிர்ச்சான்றைச் செய்ததாகக் கையொப்பமிடுபவர் ஆகிய அனைவரும் அளவில் குறைத்தவரே. தராசில் குறைத்தவன் பொருளைத் திருடுகிறான். பதிவேட்டில் பொய் எழுதியவன் உயிரைப் பணயம் வைக்கிறான். ஆதலின் தோல்வியுற்ற சோதனையை உள்ளவாறே எழுதி, காரணத்தை ஆராய்ந்து, மேலதிகாரிக்கு அறிவிக்கும் துணிவே இப்பயிற்சியின் உயிர்நிலை.

நிறைவுரை

தேங்காய்ப்பட்டணம் தந்த எழுத்தாளர் தோப்பில் முஹம்மது மீரான் (1944-2019), 1988இல் வெளிவந்த ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ என்னும் நாவலில், தம் ஊருக்குள் பள்ளிக்கூடம் நுழைவதை எதிர்த்து நின்ற ஒரு முதலாளியைப் படைத்துக் காட்டினார். அக்காலத்திலிருந்து நம் கரை நெடுந்தொலைவு வந்துவிட்டது. இன்று நம் வீட்டுப் பெண்மக்களும் ஆய்வுக்கூட அங்கி அணிகின்றனர். பெரியோர் தம் பிள்ளைகளிடம் ஊதியம் எவ்வளவு என்று கேட்பதோடு, உன் பதிவேடு நேர்மையானதா என்றும் ஒருமுறை கேட்க வேண்டுகிறோம்.

ஆசிரியர்க்கும் ஒரு கடமை உண்டு. அகநச்சு, உறைவு, எதிர்ச்சான்று, நீர்த்தல் போன்ற சொற்களை வகுப்பறையில் துணிந்து வழங்குவோமாக. பொருள் விளங்கிய சொல் மனத்தில் நிற்கும். மனத்தில் நின்ற காரணம் கையைத் தவறவிடாது. உழைச்செல்வான் என்று வள்ளுவர் சுட்டிய இடம் நம் மாணவர்க்காகக் காத்திருக்கிறது. அதனை நாணயத்தோடு நிரப்ப வல்ல இறைவன் அருள்புரிவானாக.